செங்கல் சூளையில் இருக்கும் குழந்தையை அரசுப் பள்ளியில் சேர்ப்பது எப்படி? கையில் ஒரு காகிதமும் இல்லாதவர்களுக்கு

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சூளைக்கு ஒரு இருளர் பழங்குடிக் குடும்பம் செங்கல் அறுக்க வந்தது. ஒன்பது வயதில் ஒரு பெண், ஏழு வயதில் ஒரு பையன், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. மூத்த இரண்டு பேரையும் பள்ளியில் சேர்க்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. சட்டப்படி அது ஒரு காலை நேரத்து வேலைதான். எனக்கு யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை, பள்ளியில் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் உண்மை என்று நம்பி அந்தக் காகிதத்தைத் தேடி ஓடினேன், அதற்குள் அந்தப் பெண் பதினோரு நாள் சுடாத பச்சைச் செங்கல்லைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் ஊரில் இது நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை வைத்துத்தான் சொல்கிறேன். சட்டப் பிரிவுகள் இந்தியா முழுவதற்கும் பொதுவானவை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை முதலில் வகுப்பில் உட்கார வேண்டும், காகிதம் பிறகு வந்து சேரட்டும். இந்த வரிசையை யார் மாற்றினாலும் விடாதீர்கள்.

1. பள்ளிக்குப் போகும் முன் சூளைக்குப் போங்கள்

சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்குப் போங்கள். கல் அறுப்பவர்கள் வெயிலுக்குப் பயந்து நள்ளிரவு தாண்டியதும் எழுந்துவிடுவார்கள், காலையில் வேலை முடிந்ததும் அசந்து தூங்குவார்கள். நான் முதல் தடவை காலை பதினொரு மணிக்குப் போய் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிவிட்டேன், அது தப்பு.

உட்கார்ந்து பேசுங்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்கே சேர்த்துத்தான் வரும். அதனால் பிள்ளையின் கையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று ஊரில் பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சின்னவன யார் பாத்துப்பா?" என்பதுதான். பெரிய பெண் பள்ளிக்குப் போகாததற்குப் பாதிக் காரணம் தம்பிதான். ஆகவே முதலில் பக்கத்து அங்கன்வாடிக்குப் போய்க் கைக்குழந்தைக்கு வழி பாருங்கள். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் அங்கன்வாடியில் விடலாம், சத்துமாவும் மதியச் சாப்பாடும் கிடைக்கும். அதைவிடச் சின்னது என்றால் பக்கத்துக் குடிசையில் வயதானவர் யாராவது பார்த்துக்கொள்வாரா என்று அவர்களோடு சேர்ந்து யோசியுங்கள். இந்த ஒரு விஷயத்தைத் தீர்க்காமல் சேர்த்தால் மூன்றாம் நாளே பெண் நின்றுவிடுவாள்.

மேஸ்திரியிடமும் சொல்லிவிடுங்கள், மறைத்துச் செய்ய வேண்டாம். பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைச் சூளை வேலையில் வைப்பது குற்றம் என்று அவருக்கே தெரியும். ஆனால் "முன்பணம் வாங்கியிருக்காங்க, அதை அடைச்சுட்டு எங்கே வேணா போகட்டும்" என்று யாராவது சொன்னால் விஷயம் வேறு. முன்பணத்தைக் காட்டி ஆட்களைப் பிடித்து வைப்பதைக் கொத்தடிமை முறை என்று 1976 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ போகலாம். பெற்றோரைக் கேட்காமல் மட்டும் போகாதீர்கள். நீங்கள் மனு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அன்று இரவு அந்தச் சூளையில் இருக்கப்போவது அவர்கள்.

2. கையில் என்ன இருக்கிறது?

எது இருந்தாலும் சரி, எடுத்துவரச் சொல்லுங்கள்: தடுப்பூசி அட்டை, சொந்த ஊர் அங்கன்வாடிப் பதிவு, பெற்றோரின் ரேஷன் அட்டை, பழைய பள்ளியின் ரிப்போர்ட் கார்டு. பிறப்புச் சான்றிதழ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் குழந்தையின் வயதைப் பெற்றோரே எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுக்கும் உறுதிமொழி போதும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, இது கல்வி உரிமைச் சட்டம் 2009 இன் பிரிவு 14.

பிறந்த தேதியை யாரும் கற்பனையாகப் போட விடாதீர்கள். "தை மாசம், பொங்கலுக்கு அடுத்த வாரம், புயல் வந்த வருஷம்" என்று அம்மா சொல்வதிலிருந்தே பெரும்பாலும் சரியான தேதிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். சொந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் போனில் கேட்டால் அவருடைய பதிவேட்டில் பிரசவத் தேதி இருக்க வாய்ப்புண்டு. இதற்கு ஒரு நாள் செலவழிப்பது வீணில்லை, ஏனென்றால் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும் தேதிதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரைக்கும் கூடவே வரும். அதற்காக அந்த ஒரு நாள் குழந்தையை வெளியே நிறுத்த வேண்டாம், வகுப்பில் உட்காரவைத்துவிட்டுத் தேடுங்கள்.

ஆதார் இல்லையா? சேர்க்கைக்கு அது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொல்லிவிட்டது. புதிய ஆதார் பதிவுக்குக் கட்டணமும் கிடையாது, பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

சாதிச் சான்றிதழ் சேர்க்கைக்குத் தேவையே இல்லை. நான் இதில்தான் நாலு நாளைத் தொலைத்தேன். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் வழங்குவார், விசாரணை நடக்கும், மாதக்கணக்கில் இழுக்கலாம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அந்த வேலையைத் தனியாக ஓடவிடுங்கள். உதவித்தொகைக்கு அது வேண்டும், சேர்க்கைக்கு வேண்டாம்.

3. பள்ளியில் என்ன கொடுப்பது

வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டால் வாயால் மறுத்துவிடுவார்கள், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. பெற்றோரில் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். மனு இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான் வேலைக்காக இந்த ஊரில் தங்கியிருக்கிறேன். என் மகள் (பெயர்), வயது 9. இவளைக் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 4 இன் படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிறப்புச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் தற்போது என்னிடம் இல்லை. பிரிவுகள் 5, 14 இன் படி அவற்றுக்காகச் சேர்க்கையைத் தள்ளிவைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இத்துடன் வயது உறுதிமொழி இணைத்துள்ளேன்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கையெழுத்தைக் கேட்கும்போதே பாதி மறுப்புகள் கரைந்துவிடும், நான் கண்ணால் பார்த்தது இது.

போகும்போது மரியாதையாகப் போங்கள். பல தலைமை ஆசிரியர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிப்போய்ச் சேர்ப்பவர்கள். சிலர் தயங்குவது பிள்ளை ஜூனில் போய்விட்டால் இடைநின்ற கணக்கில் தன் பள்ளி பெயர் வருமே என்ற பயத்தால். அந்தப் பயத்துக்கு வழி இருக்கிறது, எட்டாவது தலைப்பில் சொல்கிறேன், அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

4. நீங்கள் கேட்கப்போகும் மறுப்புகள்

"டி.சி. இல்லாமல் முடியாது." மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது, பிரிவு 5. பழைய பள்ளியும் கேட்டவுடனே அதைக் கொடுத்தாக வேண்டும்.

"ஜனவரியில் எப்படிச் சேர்ப்பது? அடுத்த ஜூனில் வாங்க." கல்வியாண்டு தொடங்கிய பிறகு எப்போது வந்து கேட்டாலும் மறுக்கக் கூடாது, பிரிவு 15. அடுத்த ஜூனில் அந்தக் குடும்பம் இந்த ஊரிலேயே இருக்காது என்பதையும் சொல்லுங்கள்.

"இவளுக்கு அ, ஆ கூடத் தெரியாது, ஒன்றாம் வகுப்பில் போடறேன்." இதுதான் மிகப் பெரிய பொறி. பள்ளியில் இடம் கிடைத்ததே என்ற நிம்மதியில் பலர் தலையாட்டிவிடுவார்கள், நானும் முதலில் ஆட்டினேன். ஒன்பது வயதுப் பெண் ஐந்து வயதுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் வெட்கப்பட்டே நின்றுவிடுவாள். அவள் வயதுக்கு நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போதான் சரி. மற்றவர்களோடு சேர்ந்து வருவதற்குச் சிறப்புப் பயிற்சி கேட்கும் உரிமையும் அதே பிரிவு 4 இல் இருக்கிறது.

"அவங்க ஆளுங்க பிள்ளைங்க நிக்காதுங்க." இதை யாரும் எழுதித் தரமாட்டார்கள், ஆனால் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், அந்தப் பெண்ணின் எதிரிலேயே. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இதற்குச் சண்டை போடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது, போடவில்லை, மனுவைத் திரும்ப நீட்டினேன். நலிந்த பிரிவுக் குழந்தையைப் பாகுபாட்டோடு நடத்தாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்று சட்டம் சொல்கிறது, அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் பிரிவு 17 தடை செய்கிறது. சேர்ந்த பிறகும் இதைக் கவனியுங்கள்: எங்கே உட்காரவைக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா அல்லது சாதி சொல்லிக் கூப்பிடுகிறார்களா, கூட்டிப் பெருக்கும் வேலை எப்போதும் இவளுக்கே விழுகிறதா?

இவ்வளவுக்குப் பிறகும் மறுத்தால் அதே நாளில் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனுவின் நகலோடு போங்கள். வட்டார வள மையத்தில் (ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கல்வித் துறை மையம்) இருக்கும் ஆசிரியர் பயிற்றுநர்களிடம் "பள்ளி செல்லாக் குழந்தை" என்ற சொல்லையே சொல்லுங்கள். அவர்களின் கணக்கெடுப்பில் வரும் சொல் அது, உடனே புரியும். எனக்குக் கடைசியில் வேலையை முடித்துக்கொடுத்தது அங்கிருந்த ஒரு ஆசிரியர் பயிற்றுநர்தான், ஒரே ஒரு போன். கல்வி உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் இருக்கிறது, அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் கிடைக்கும். பிரிவு 32 இன் படி முறையான புகாரும் கொடுக்கலாம், ஆனால் முடிவெடுக்க மூன்று மாதம் அவகாசம் உண்டு. சூளைப் பருவமே ஐந்தாறு மாதம்தான் என்பதால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. பதிவேடும் எமிஸும்

சேர்த்துவிட்டார்கள், சரி. வீட்டுக்குக் கிளம்பும் முன் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதியதைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, இனம். இனத்தின் பெயர் அரசுப் பட்டியலில் உள்ளபடியே "இருளர்" என்று இருக்க வேண்டும். இங்கே ஓர் எழுத்து மாறினாலும், அல்லது யாராவது ஊகத்தில் வேறு எதையாவது எழுதிவிட்டாலும், பின்னால் சாதிச் சான்றிதழ் விசாரணையில் அதையே காட்டி மறுப்பார்கள்.

குழந்தை எப்போதாவது எங்காவது பள்ளியில் சேர்ந்திருந்தால் எமிஸ் எண் (கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள எண்) ஏற்கெனவே இருக்கும். பழைய பள்ளி அந்தப் பெயரைத் தன் பட்டியலிலிருந்து பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். அங்கே விடுவிக்காமல் இருக்கும்போது இங்கே "கணினி ஏற்கவில்லை" என்பார்கள். இதற்குத் தீர்வு இரண்டு தலைமை ஆசிரியர்களும் போனில் பேசுவதுதான். பழைய பள்ளியின் பெயர் பெற்றோருக்கு நினைவில்லை என்றால் ஊர் பெயரைச் சொல்லுங்கள், தேடிவிடலாம். புது எண் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு எண் உள்ள பிள்ளைக்குப் பிறகு எல்லாமே சிக்கல்.

6. எழுத்து

இடம் கிடைத்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பெண் கடைசி வரிசையில் கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து அப்படியே வரைந்துகொண்டிருக்கிறாள், ஒரு எழுத்தும் தெரியாது. நோட்டு நிறைந்திருக்கிறது. யாரும் திட்டவில்லை, யாரும் சொல்லித்தரவும் இல்லை.

சிறப்புப் பயிற்சி குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை கிடைக்க வேண்டும். வட்டார வள மையத்தில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். அது வரும்வரை காத்திருக்காமல் சாயங்காலம் ஒரு மணி நேரம் நீங்களே உட்காருங்கள். ஆசிரியராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

247 எழுத்தையும் வரிசையாக ஆரம்பிக்காதீர்கள். அணில், ஆடு என்று போனால் கடைசி எழுத்து வந்து சேர்வதற்குள் சூளைப் பருவம் முடிந்துவிடும். பிள்ளையின் கையில் இருக்கும் சொல்லை எடுங்கள். நாங்கள் எடுத்தது "கல்", "மண்". தரையில் குச்சியால் பெரிதாக எழுதி, சொல்லைச் சேர்த்துச் சொல்லி, பிறகு பிரித்துச் சொல்லி. இந்த இரண்டு சொல்லில் க, ல, ம, ண என்று நாலு எழுத்து, தலையில் ஒரு புள்ளி. புள்ளி வைத்தால் ஓசை குறுகும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். அந்த நாலு எழுத்தை இடம் மாற்றினால் "கண்" வருகிறது, "மணல்" வருகிறது. மணலை நான் சொல்லித்தரவில்லை. அவளாகக் கூட்டிப் படித்துவிட்டு எதிரே கிடந்த மணல் குவியலைக் கையால் காட்டினாள். அது எட்டாம் நாள்.

அடுத்த சொல் அவள் அப்பா சொன்னது: "கடன்". ட, ன இரண்டும் புதிது. உடனே கடல், மகன், கடகட எல்லாம் வந்துவிடும். பிறகு "கணக்கு", அதில் கு. அங்கிருந்து உகரம், ஆகாரம், இகரம். இப்படிப் போனால் நெடில் குறில் எல்லாம் தேவைப்படும்போது வந்து ஒட்டிக்கொள்கிறது.

இரண்டு விஷயம் கவனம். அவர்கள் பேசும் பேச்சைத் திருத்தாதீர்கள். "தண்ணி" என்றால் முதலில் தண்ணி என்றே எழுதுங்கள், "தண்ணீர்" இன்னொரு நாள் வரட்டும். வாயைத் திறந்தவுடன் தப்பு என்று சொல்லப்பட்ட பிள்ளை மறுபடி வாயைத் திறக்காது. இன்னொன்று, இரவெல்லாம் பெற்றோரோடு விழித்திருந்த பிள்ளை தூங்கிவிழும், விட்டுவிடுங்கள். அன்றைக்கு ஒரு கதை சொல்லி அனுப்பினால் போதும்.

7. அம்மாவையும் உட்காரவையுங்கள்

மூன்றாவது வாரத்தில் அம்மா தானாகவே வந்து பின்னால் உட்கார்ந்தார். எழுத்தைவிட எண் மீதுதான் அவருக்கு ஆசை, ஏனென்றால் மேஸ்திரியின் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, தினமும் அறுத்த கல்லை அவரே எழுதும்படி செய்தோம். திங்கள் 1,200, செவ்வாய் 1,100, இப்படி. சனிக்கிழமை கூலி வாங்கும்போது இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார். அவர் கூட்டிய தொகைக்கும் மேஸ்திரியின் நோட்டில் இருந்ததற்கும் 400 கல் வித்தியாசம். "ஒருவாட்டி கூட்டிப் பாருங்கண்ணே" என்று மட்டும் கேட்டாராம். கூட்டிப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார்கள். அன்று இரவு அவர் பெண்ணிடம் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது, "நாளைக்கு லீவு கீவு போடாதே."

முறையாகப் படிக்க விரும்பினால் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. தன்னார்வலர்தான் சொல்லித்தருவார். கடைசியில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50 என்று 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு, சான்றிதழ். கட்டணம் இல்லை. அதே பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் மையம் எங்கே என்று சொல்வார்.

செலவு பற்றிப் பலர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் சேர்க்கைக்குப் பணம் இல்லை. புத்தகம், நோட்டு, சீருடை, மதிய உணவு இலவசம், ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. ஆனால் ஜனவரியில் புத்தகமும் சீருடையும் கையிருப்பில் இல்லை என்பார்கள். பக்கத்துப் பள்ளியில் மிச்சம் இருக்கும், விசாரியுங்கள், சீருடை இல்லாததற்காக வெளியே நிற்கவைக்க விடாதீர்கள். எனக்கு ஆன செலவு ஜெராக்ஸ், போட்டோ, பஸ், இ-சேவை எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள். பெற்றோருக்கு ஆகும் செலவு பள்ளிக்கு வரும் அரை நாள் கூலி. அதனால் ஒரே தடவையில் முடியும்படி எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு அவர்களைக் கூப்பிடுங்கள். பள்ளி தொடக்க வகுப்புக்கு ஒரு கிலோமீட்டருக்கும், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தால் போக்குவரத்து வசதி கேட்கலாம், அதற்கும் வட்டார வள மையம்தான்.

8. ஜூனில் ஊருக்குத் திரும்பும் முன்

மழைக்கு முன் சூளை மூடும், ஒரே இரவில் லாரி ஏறிவிடுவார்கள். தேதி தெரியாது. அதனால் ஏப்ரல் கடைசியிலேயே இதை முடித்துவையுங்கள்: தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு ஒரு தாளில் குழந்தையின் பெயர், எமிஸ் எண், படித்த வகுப்பு, வந்த நாட்களின் எண்ணிக்கை, எதுவரை வாசிக்கத் தெரியும் என்ற ஒரு வரி. குடும்பம் கிளம்பியது தெரிந்ததும் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்கச் சொல்லுங்கள். சொந்த ஊர்ப் பள்ளிக்கு நீங்களே போன் போட்டுப் பிள்ளை வருவதாகச் சொல்லுங்கள். இப்படிச் செய்தால் இரண்டு பள்ளியிலும் அவள் இடைநின்ற கணக்கில் வரமாட்டாள்.

அந்தத் தாள், மனுவின் நகல், வயது உறுதிமொழி, இ-சேவை ரசீது நான்கையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அம்மாவின் கையில் கொடுங்கள். மேலே உங்கள் போன் நம்பரைப் பெரிதாக எழுதுங்கள். நாங்கள் கொடுத்த கவரின் மேல் நம்பரை எழுதியது அந்தப் பெண். ஜூலையில் சொந்த ஊரிலிருந்து போன் வந்தது. ஐந்தாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள், பொங்கல் முடிந்து மறுபடி வரும்போது அதே கவரை எடுத்துவருகிறோம் என்றார் அம்மா.